மலையில் வாசித்த பெயர்

பேபியின் விரலுக்கு எந்தத் துணியும் தப்பாது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை மேஜையில் விரித்து, காலர், கை, பட்டன், அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். ஏதாவது ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒருமுறை என் பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கிவந்து பெருமையாகக் காட்டினேன். வாசலில் நின்றபடியே ஓரத்தைத் தடவிவிட்டு, "நாலு எடத்துல தையல் வுட்டுப் போச்சுக்கா" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சரியாக நாலே இடம்.

நான் ஜெயஸ்ரீ, முடிச்சூரில் அவளுக்கு அடுத்த வீடு. அந்தத் தெரு ஒரு காலத்தில் எங்கள் மாமனார் நெல் போட்ட நிலம். பிளாட் போட்டு விற்றபோது அதில் ஒன்றைப் பேபியும் அவள் புருஷன் சவுரிமுத்துவும் வாங்கி வீடு கட்டினார்கள். சவுரிமுத்து டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. ஊர் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையைப் பளபளக்க வைத்துவிட்டு, மிச்சம் மீதி விழுந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து தன் வீட்டுத் தரையில் ஒட்டினார். ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் பொருத்தமே இருக்காது. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் பானையும் சுவருக்கு மேலே கைமாறும். அதற்கு மேல் நாங்கள் மதம் பேசியதில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவே கழுத்தளவுக்கு முங்கியது. காலையிலேயே சவுரிமுத்து எங்கள் மாமியாரைத் தோளில் தூக்கி எங்கள் மாடியில் கொண்டுவந்து விட்டார். அப்புறம் பேபியையும், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் பிரசன்னாவையும் ஏற்றிவிட்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன், பின் தெருவில் வயசான வேதசிரோமணி சார் தனியாக இருக்கிறார் என்று. சொன்னது நான். அவர் உடனே எழுந்து தண்ணீரில் இறங்கினார். அரை மணி நேரம் கழித்து வேதசிரோமணி சாரை வேறு பக்கமாக வந்த படகு கூட்டிக்கொண்டு போயிருந்தது தெரிந்தது. சவுரிமுத்து திரும்பி வரவில்லை.

பேபி ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் அவளும் போகாத ஆஸ்பத்திரி கிடையாது. மூன்று வாரம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆற்றோரம் ஒரு உடல் கிடைத்திருக்கிறது, முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, சட்டையைப் பாருங்கள் என்றார்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்து மேஜையில் வைத்தார் ஏட்டு. சேறு காய்ந்து மொரமொரவென்று இருந்தது. நான் பக்கத்தில் நின்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேபி சட்டையை விரித்தாள். காலரைத் தடவினாள். பட்டன் பட்டியில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவருது இல்ல சார்" என்றாள்.

ஏட்டு இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அதையே சொன்னாள். உரிமை கோர ஆள் இல்லையென்றால் குறிப்பிட்ட நாள் வைத்திருந்துவிட்டு அவர்களே அடக்கம் பண்ணிவிடுவார்கள் என்றார். பேபி தலையாட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேபி ஒரு துணியைத் தடவிப் பார்த்து இல்லை என்றால் இல்லைதான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து, டிசம்பர் இரண்டாம் தேதி வந்தால் நாங்கள் இருவரும் பரங்கிமலைக்குப் போவோம். தாம்பரத்தில் ரயில் ஏறி, பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி, மலையடி வரைக்கும் ஆட்டோ. அங்கிருந்து படி ஏறித் தோமையார் கோவிலுக்குப் போக வேண்டும். இயேசுவோடு கூட இருந்த சீடரில் ஒருவரான தோமையார் அந்த மலையில்தான் உயிரை விட்டார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு தூரம், நம் பக்கத்திலேயே கோவில் இருக்கிறதே என்று முதல் வருஷம் கேட்டேன். "இயேசு உசுரோட எழுந்து வந்தாருன்னதயே தொட்டுப் பாத்தா தவிர நம்ப மாட்டேன்னவரு அவருதான். அவராண்டதான் எனக்கு வேல கீது" என்றாள். உடலைப் பார்க்காமல் புருஷன் செத்ததை நம்ப மாட்டாள், அதனால் இந்தச் சாமியைப் பிடித்துக்கொண்டாள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மேலே போனதும் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுப்பாள். யாருக்காக, எதற்காக அந்தப் பூசை என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தால் சாமியார் பூசையில் வாசிப்பார். "சவுரிமுத்து நலமாக வீடு திரும்ப" என்று பேபி தன் கையாலேயே எழுதுவாள். எட்டு வருஷம் அதே வார்த்தைகள்தான்.

வருஷா வருஷம், அதற்கு ஒரு மாசம் முன்னால், பிரசன்னா என் வீட்டுச் சமையற்கட்டுக்கு வருவாள். நவம்பர் இரண்டு அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதிக் கொடுத்துப் பூசை வைப்பார்கள், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பேபி அன்றைக்குக் கோவில் பக்கமே போக மாட்டாள். தன் வீட்டில் செத்தவர் யாரும் இல்லை என்று வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அம்மா பஸ் ஏறியதும் பிரசன்னா வருவாள். "ஆன்ட்டி, என் தமிழ் ஹேண்ட்ரைட்டிங் கேவலமா இருக்கும். நீங்க எழுதிக் குடுங்க." என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "சவுரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதிக் கொடுப்பேன். முதல் தடவை எழுதும்போது, பதினாறு வயசுப் பெண் எதிரே நின்று, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, அவங்க காத்துட்டு இருக்கட்டும்" என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். போன நவம்பரோடு ஒன்பது சீட்டு ஆயிற்று.

பிரசன்னா இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஊரப்பாக்கத்துப் பையன் டேனியலுக்கும் அவளுக்கும் ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை நடுவே அறிவிப்பார்கள். அதற்குப் பங்குக் கோவிலில் ஒரு ஃபாரம் கொடுத்திருந்தார்கள். பிரசன்னா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். பெண்ணின் தகப்பனார் பெயர். அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவதா வேண்டாமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். ஃபாரம் மூன்று வாரமாகப் பிரிட்ஜ் மேல் கிடந்தது. அந்தச் சனிக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். "மலைக்குப் போய்ட்டு வந்து எழுதிடறேன்" என்று பேபி சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் வலி. நாள் பூரா நின்றே வேலை செய்தால் வராமல் என்ன செய்யும். படிக்கட்டு ஓரமாக, இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டுகிற சிலுவைப் பாதையின் பதினாலு நிலைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நின்று, செபம் சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படிகளை நான் எண்ணியதில்லை. மூச்சைக் கவனிக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும். பாதி வழியில் பேபி உட்கார்ந்துவிட்டாள். "நீ முன்னாடி போய் சீட்டு எழுதிக் குட்த்துடுக்கா. பூச ஆரம்பிச்சுடும். நான் மெதுவா வந்துக்கினே இருக்கேன்" என்றாள்.

போனேன். சீட்டு எழுதுகிற மேஜை முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது மணி அடித்துவிட்டது. அவசர அவசரமாகச் சவுரிமுத்து என்று எழுதினேன், பின்னாலேயே மிச்சமும் வந்து விழுந்தது. கொடுத்துவிட்டு வந்து பேபிக்கு இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

அது சின்னக் கோவில். கூட்டம் சேர்ந்தால் பக்கத்து ஆள் மூச்சு விடுவது கேட்கும். பேபி வந்து சேர்ந்து, முட்டி போட முடியாமல் பெஞ்சில் சாய்ந்தாற்போல் நின்றாள். சாமியார் ஒவ்வொரு கருத்தாக வாசித்தார். பரீட்சையில் தேற, குழந்தை வரம் கிடைக்க, ஆபரேஷன் நல்லபடியாக நடக்க. அப்புறம், "சவுரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார்.

நான் எழுதிக் கொடுத்த சீட்டுதான் அது. ஒன்பது நவம்பரும் எழுதி எழுதி அந்தப் பெயரை வேறு மாதிரி எழுத என் கைக்குத் தெரியாமல் போயிருந்தது. கை மட்டும்தான் அப்படிச் செய்ததா, உள்ளே இருந்த நானும் கூட்டா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பேபி திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனியில் சட்டை தடவுகிற அவள் வலது கை முன்பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது, அது அப்படியே நின்றுவிட்டது. பூசை முடியும் வரை அவள் அசையவில்லை. நற்கருணை அப்பம் வாங்கவும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். கீழே மீனம்பாக்கத்து ஓடுபாதை தெரிந்தது.

"யாரு எழுதுனது?" என்றாள்.

"நான்தான் பேபி. அவசரத்துல பழக்கத்துல எழுதிட்டேன்."

"பழக்கமா? நீ எப்பக்கா இந்த மாரி எழுதின?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மறைக்க எனக்கு வரவில்லை. சத்தியத்தை உடைத்தேன். பிரசன்னா வருஷா வருஷம் வருவதையும், கல்லறைத் திருநாளையும், அம்மா காத்துட்டு இருக்கட்டும் என்று அவள் சொன்னதையும் சொன்னேன்.

"எத்தினி வருஷமா?"

"ஒம்பது."

பேபி கணக்காக விரலை மடக்கினாள். முதல் விரலிலேயே நின்றுவிட்டாள். "அப்போ அவளுக்குப் பதினாறு" என்றாள். ஒரு விமானம் தாழ்ந்து வந்து இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு சொன்னாள்.

"அந்தச் சட்ட அவருதுதான்க்கா."

எனக்குப் புரியவில்லை. எந்தச் சட்டை என்று கேட்டேன்.

"டேசன்ல பாத்தமே, அது. பட்டன் பட்டியில வெரல வெச்சதுமே தெரிஞ்சுடுச்சு. ஆமான்னு சொன்னா அந்த நிமிசமே செத்துடுவாரு. இல்லன்னு சொன்னா இன்னும் ஒரு நாளு இருப்பாருன்னு தோணிச்சு. ஒரே ஒரு நாளுதான்னு நெனச்சேன். பக்கத்துல உன் மூஞ்சியப் பாத்தேன். நீ வேற சாமியக் கூப்டுகினு இருந்த. மறுநாள் போய் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். மறுநாளும் போவல. அப்பால அவங்களே பொதச்சுட்டாங்க, அநாதப் பொணம்னு. பொண்டாட்டியும் பொண்ணும் உசுரோட கீற மனுசன. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஏகநாதன் சும்மா சொல்லவில்லை. ஒன்பது வருஷம் என்னை இந்தப் படியில் ஏற்றி இறக்கினாயே, தெரு நாய் குரைத்தால்கூட அவர்தானோ என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேனே என்று கத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். பின் தெருவுக்கு அவரை அனுப்பியவள் நான். அன்றைக்கு ஸ்டேஷனில் அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அந்த இடத்தில் நிற்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. அவள் எனக்கும் சேர்த்துத்தான் இல்லை என்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் இங்க வந்த?" என்று கேட்டேன்.

"தோமையாரு தொட்டுப் பாத்தாரு, நம்பிட்டாரு. நான் தொட்டும் பாத்துட்டு இல்லன்னு சொன்னவ. அவராண்ட வந்து நிக்கணும்போல இருந்துச்சு. இன்னா கேக்கறதுன்னு தெரியல, அதான் வூடு திரும்பணும்னு எழுதிக் குட்த்துகினு இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் பொய் சொன்னதுக்கு நான் அனுபவிச்சா சரி. பக்கத்துல பட்த்துகினு அந்தப் பொண்ணு தனியா அழுதுருக்கு பாரு, அது எனக்குத் தெரியாமப் போச்சே."

இறங்கும்போது அவள் எந்த நிலையிலும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே பிரசன்னாவிடம் சொல்லிவிட்டாள். என்னையும் கூட இருக்கச் சொன்னாள். பிரசன்னா லேபிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டு முடித்த பிறகும் குழாயை மூடவில்லை. நான்தான் போய் மூடினேன். "அப்பாவுக்கு ஒரு கல்லறை இருந்திருக்கும்ல" என்றாள். அன்றிலிருந்து நாலு நாள் அம்மாவோடு பேசவில்லை. சமைத்து வைத்ததைச் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். பேபியும் சமாதானம் சொல்லப் போகவில்லை. இது தனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்பதுபோல் நடமாடினாள். சண்டை போட்டுவிட்டால் தேவலை என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை சாம்பார் கொடுக்கிற சாக்கில் போனேன். பேபி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரசன்னா பிரிட்ஜ் மேலிருந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்டிம்மா தெரிஞ்சுது, அப்பா சட்டைன்னு?"

"மூணாவது பட்டன்."

"மெரூன் நூலா?"

பேபி தலையாட்டினாள். பிரசன்னா கண்ணை மூடிக்கொண்டாள். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவளே என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அது நான் தச்சது ஆன்ட்டி. டென்த்ல. நீல நூல் தேடினேன், கிடைக்கல. அம்மா பாத்துட்டு, இன்னா தையல் இது, பிரிச்சுட்டு நான் தைக்கிறேன்னாங்க. அப்பா விடவே இல்ல. எம் பொண்ணு தச்சதுன்னு சைட்ல எல்லாருக்கும் காமிச்சாராம்."

"பட்டனுக்கு நாலு சுத்து சுத்துனா போதும்" என்றாள் பேபி. கீரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "இவ இருவது சுத்து சுத்தி வெச்சிருந்தா. அவ்ளோ நாளு தண்ணியில கெடந்து மத்த பட்டனெல்லாம் தொங்கிப் போச்சு. அது மட்டும் அசையல."

பிரசன்னா அப்படியே அம்மாவின் மடியில் சாய்ந்தாள். ஒன்பது வருஷமாக என் சமையற்கட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சீட்டு வாங்கிக்கொண்டு போனவள், அன்று வாய்விட்டு அழுதாள். பேபியும் அழுதாள். கீரைத் தட்டை நான் எடுத்து ஓரமாக வைத்தேன். எங்கே புதைத்தார்கள் என்று ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பேருமாகப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாம் என்று சொன்னேன். அழுகைக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரசன்னா எழுந்து பேனா எடுத்தாள். வழக்கப்படி நான் கையை நீட்டினேன். "இல்ல ஆன்ட்டி, நானே எழுதறேன்" என்றாள். தரையில் அவள் அப்பா ஒட்டின பொருந்தாத டைல்ஸ் மேல் ஃபாரத்தை வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கோணலும் மாணலுமாக எழுதினாள். காலஞ்சென்ற சவுரிமுத்து. எழுதி முடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

பேபி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்த வரியின் மேல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, விரலை மெதுவாக ஓட்டினாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"சரியா கீது" என்று சொல்லி மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.